பார்த்தனான், காணேல்லை

"ரெண்டு பக்கமும் பார்த்துத்தான் ஏறினனான். மோட்டார் சைக்கிளைக் காணேல்லை." கிறவல் ஒழுங்கையிலிருந்து கண்டி-யாழ்ப்பாணம் ஏ9 வீதியில் ஏறும்போது விபத்து நடந்தால், லாண்ட்மாஸ்டர் எனும் இருசில்லு உழவு இயந்திரம் ஓட்டுபவர் இப்படித்தான் சொல்வார். கூடி நிற்பவர்கள் நம்பமாட்டார்கள். அவர் பொய் சொல்லாமலும் இருக்கலாம். பார்ப்பதும் காண்பதும் நம் பேச்சில் மட்டுமல்ல, மூளைக்கும் வேறுவேறு வேலைகள்.

கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். கண் கூர்மையாகப் பார்க்கும் பரப்பு ஏறத்தாழ அவ்வளவுதான், 2 பாகை வரும். விழித்திரையின் நடுவிலுள்ள சின்னக் குழிதான் அந்தக் கூர்மையைத் தருகிறது, சுற்றியுள்ளதெல்லாம் மங்கல். அதனால் கண் செக்கனுக்கு மூன்று தடவை அளவில் தாவித் தாவி மேய்கிறது. தாவும் கணத்தில் விழித்திரையில் விழுவது கலங்கிய படம். மூளை அதைப் பெரும்பாலும் அமுக்கிவிட்டு, முன்னும் பின்னும் கண்டதை ஒட்டிக் காட்டுகிறது. ஒட்டிய தழும்பு நமக்குத் தெரியாது. கண்ணாடி முன் நின்று உங்கள் ஒரு கண்ணிலிருந்து மற்றக் கண்ணுக்குப் பார்வையை மாற்றுங்கள். கண் அசைவதை உங்களால் காண முடியாது. பக்கத்தில் நிற்பவர் காண்பார்.

சரி, ஒழுங்கை முகப்புக்கு வருவோம். தலையைச் சட்டென்று திருப்பினால் கண் ஓரிரு இடங்களில்தான் தரிக்கும். பஸ் தப்பாது. நேரே வரும் மோட்டார் சைக்கிள் ஒடுங்கிய ஒரு கோடு. இரண்டு தரிப்புகளுக்கு இடையில் தவறிவிடும்.

கண்டாலும் இன்னொரு சிக்கல். வரும் பொருளின் உருவம் கண்ணில் இருமடங்காக, தூரம் பாதியாக வேண்டும். மணிக்கு 60 கிலோமீற்றரில் வருபவர் 200 மீற்றரிலிருந்து 100க்கு வர 6 செக்கன் ஆகும். அவ்வளவு நேரமும் சின்னப் புள்ளி கொஞ்சம் பெரிய புள்ளியாகிறது, அவ்வளவுதான். 25 மீற்றரிலிருந்து பாதியாக ஒரு செக்கன்கூட வேண்டாம். "எங்கிருந்தோ வந்து விழுந்தான்" என்கிறோமே, அது இதுதான். ஏ9 வீதியோரத்து முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுப் புறப்பட்டாலும் கண் இதே கண்தான்.

விமானிகளுக்கு வானத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கண்ணை நிறுத்திப் பார்க்கப் பழக்குகிறார்கள். ஒழுங்கை முகப்பிலும் அது சரிவரும்: வாகனத்தை நிறுத்தி, வலப்பக்கம் தூரத்தில் ஒரு தரிப்பு, நடுவில் ஒன்று, கிட்ட ஒன்று. பிறகு இடப்பக்கம். ஏறுமுன் திரும்பவும் வலப்பக்கம். லாண்ட்மாஸ்டர் இரைச்சலில் காது துணைக்கு வராது.