இளையோர் புனைகதை: 'இளம் வயதுவந்தோர்' யார்?

மொழிபெயர்ப்புத் தொகுப்புகளின் பின்னட்டையில் 'இளம் வயதுவந்தோருக்கான அறிவியல் புனைகதைகள்' என்ற தொடர் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. 'யங் அடல்ட்' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததன் விளைவு இது.

'அடல்ட்', 'அடலசன்ட்' இரண்டும் வளர்தலைக் குறிக்கும் ஒரே லத்தீன் வினையிலிருந்து பிறந்தவை. முன்னது வளர்ந்தவர், பின்னது வளர்ந்துகொண்டிருப்பவர். அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் ராபர்ட் ஹைன்லைன் 1947 முதல் 1958 வரை மாணவர்களுக்காக எழுதிய விண்வெளி நாவல்கள் 'ஜுவனைல்' (சிறுவர் நூல்) என்றே அழைக்கப்பட்டன. 1957இல் அமெரிக்க நூலகச் சங்கம் 'யங் அடல்ட்' என்ற பெயரில் தனிப்பிரிவு தொடங்கியது. ஏறத்தாழ 12 முதல் 18 வயது வரையிலான வாசகர்களையே பதிப்புத்துறை இச்சொல்லால் குறிக்கிறது.

தமிழில் 'வயதுவந்தோர்' அப்படிப்பட்ட சொல்லன்று. வயதுவந்தோர் வாக்குரிமை, வயதுவந்தோர் கல்வி, திரைப்படத் தணிக்கையில் 'வயதுவந்தோருக்கு மட்டும்' என எங்கு வந்தாலும் அது முழு வளர்ச்சி பெற்றவரையே சுட்டுகிறது. 'இளம்' என்ற அடையைச் சேர்த்தால் பதினெட்டைத் தாண்டி இருபதுகளில் இருப்பவர் என்றுதான் பொருள்படும். அதாவது, எந்த வாசகருக்காகக் கதை எழுதப்பட்டதோ அவரையே அத்தொடர் வெளியே நிறுத்திவிடுகிறது. செவ்வாய்க் குடியிருப்பில் காற்றுக் கசிவைக் கண்டுபிடிக்கும் பதினைந்து வயதுப் பெண்ணின் கதைக்கு இந்தப் பெயரை இட்டால், தணிக்கைச் சான்றிதழின் நினைவோடு அட்டையைப் பார்க்கும் பெற்றோர் அதை மகளுக்கு வாங்கித் தரத் தயங்குவார்கள். 'வயதுக்கு வருதல்' என்ற வழக்கு பெண் பூப்பெய்துவதைக் குறிப்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது.

மாற்றுச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. 'சிறார்' பத்து வயதுக் குழந்தையோடு நின்றுவிடுகிறது. 'இளைஞர்' அரசியல் கட்சிகளின் அணிப்பெயர்களில் புழங்கி, நாற்பதைத் தொட்டவரையும் தழுவிக்கொண்டது. 'விடலை' பழைய நல்ல சொல்தான் என்றாலும் இன்று அதில் ஏளனம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'வளரிளம் பருவத்தினர்' சுகாதாரக் கையேட்டுக்குப் பொருந்தும், கதைப் புத்தகத்துக்குப் பொருந்தாது. 'பதின்பருவம்' பதின்மூன்று முதல் பதினெட்டு வரையிலான எண்ணுப்பெயர்களோடு அழகாக இசைகிறது. பருவத்தைச் சொல்ல அதைவிடச் சிறந்த சொல் இல்லை. ஆனால் 'பதின்பருவக் கதைகள்' என்றால் அப்பருவத்தைப் பற்றிய கதைகள் என்றே முதலில் தோன்றும்.

ஆகவே வாசகரைக் குறிக்க 'இளையோர்' என்பதே தகும். 'இளையோர் சூடார் வளையோர் கொய்யார்' என்ற புறநானூற்று அடியில் (242) அது வளையணிந்த மகளிரிலிருந்து வேறுபடுத்தப்பட்ட ஆண்களைச் சுட்டினாலும், '-ஓர்' விகுதி பலர்பாலுக்குரியது. இன்றைய வழக்கில் இருபாலரும் அதில் அடங்குவர். சிங்கப்பூரில் வழங்கும் 'இளையர்' இதன் உடன்பிறப்பு.

இதே பின்னட்டைகளில் 'ஃபேன்டஸி' என்பது 'கற்பனைக் கதை' ஆகிவிடுவதும் வருத்தத்துக்குரியது. அடுத்த வீட்டுச் சண்டையைப் பற்றிய சிறுகதையும் கற்பனைதானே? நடப்புலகின் விதிகளை மீறி வேறோர் உலகைப் படைப்பதே அவ்வகையின் தனித்தன்மை. 'மிகுபுனைவு' அதைத் தெளிவாகச் சொல்கிறது. மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியில் முதலில் கிடைத்த சொல்லோடு நின்றுவிடாமல், தமிழில் அச்சொல் ஏற்கெனவே யாரைச் சுட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்த்திருந்தால், 'இளையோருக்கான அறிவியல் புனைகதைகளும் மிகுபுனைவுகளும்' என்று இயல்பாகவே எழுதியிருப்பார்கள்.