கேமராவைத் தூக்கிப் போடும் முன்

இந்த வாரமும் என் ரிப்பேர் மேசைக்கு ஒரு டிஎஸ்எல்ஆர் கேமரா வந்தது. பேட்டரியைக் கழற்றி மாட்டினால் ஒவ்வொரு முறையும் தேதி கேட்கிறதாம். "மெயின் போர்டையே மாத்தணும்னு சொல்லிட்டாங்கண்ணே. அந்தக் காசுக்குப் புதுசே வாங்கிடலாம்ல?" என்றார் கல்லூரியில் படிக்கும் அந்தத் தம்பி. பிரித்துப் பார்த்தால், கடிகாரத்துக்கான சட்டைப் பொத்தான் அளவு செல் செத்திருக்கிறது. அதைப் போர்டோடு சேர்த்து சால்டர் செய்து வைத்திருக்கிறார்கள். சின்ன மூடி ஒன்று வைத்திருந்தால் அவரே வீட்டில் மாற்றியிருப்பார்.

என் மேசைக்கு வருபவை பெரும்பாலும் இப்படித்தான். ஒளியைத் திறந்து மூடும் ஷட்டர் தேய்ந்திருக்கும், யூஎஸ்பி போர்ட் ஆடும், லென்ஸுக்குள் பிளெக்ஸ் கேபிள் (வளையும் தட்டைக் கம்பி) அறுந்திருக்கும். படத்தைப் பதிவு செய்யும் சென்சார் தானாகச் செத்து வருவது அபூர்வம்.

ஆனால் எல்லோரும் கேட்பது, "12 மெகாபிக்சல் பழசாச்சே?" என்றுதான். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. ஃபுல் எச்டி டிவியில் இருப்பதே 1920 x 1080 புள்ளிகள், அதாவது சுமார் 2 மெகாபிக்சல். 4கே டிவிக்கு 8.3. ஏ4 தாளில் 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சடிக்க 8.7. அப்புறம் போனில் பார்க்கப்போகும் படத்துக்கு 12 எப்படிப் போதாமல் போகும்? இருட்டில் எடுப்பவர்களும், படத்தில் ஒரு பகுதியை மட்டும் வெட்டியெடுத்து நிறைய க்ராப் செய்பவர்களும் புது சென்சார் கேட்டால் நியாயம். அதற்கும் சென்சாரை மட்டும் மாற்ற வழி இருக்க வேண்டும், முழு கேமராவையும் அல்ல.

முடியாத காரியமா? ஹாசல்பிளாட் கம்பெனி 1957-இல் கொண்டுவந்த 500சி கேமராவில் பிலிம் பெட்டி தனியாகக் கழன்று வரும். அதே இடத்தில் 2024-இல் வந்த 100 மெகாபிக்சல் டிஜிட்டல் பேக்கை, அதாவது சென்சார் உள்ள பெட்டியை, மாட்டலாம். விலை லட்சங்களில், நமக்கு எட்டாது. ஆனாலும் வழி அதுதான். ரிக்கோ கம்பெனி 2009-இல் விட்ட ஜிஎக்ஸ்ஆர் கேமராவும் கழற்றி மாட்டுவதுதான், ஆனால் அதன் பெரும்பாலான மாட்யூல்களில் லென்ஸும் சென்சாரும் ஒரே பெட்டிக்குள். புது சென்சார் வேண்டுமென்றால் நல்ல லென்ஸையும் கைவிட வேண்டும். பிரிக்கக் கூடாத இடத்தில் பிரித்துவிட்டார்கள்.

என்னைக் கேட்டால், நல்ல கேமராவில் ஷட்டர் நாலு ஸ்க்ரூவில் கழன்று வர வேண்டும். யூஎஸ்பி போர்ட் தனிச் சின்ன போர்டில் இருக்க வேண்டும். சென்சார் ஒரு உலோகத் தட்டில் உட்கார வேண்டும், நிலை மாறாமல் பிடிக்க ஊசிகளோடு. லென்ஸ் மாட்டும் மவுண்டிலிருந்து அதன் தூரம் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரை துல்லியமாக இருக்க வேண்டும், பிசகினால் ஃபோகஸ் போய்விடும். ஐஎஸ்ஓ (ஒளிக்கான உணர்திறன்), ஷட்டர் வேகம், அப்பர்ச்சர் (லென்ஸின் துளை அளவு) மூன்றுக்கும் கையால் திருகும் டயல். கேமராவை இயக்க போன் ஆப் எதுவும் வேண்டாம், போன் மாறினால் அதுவும் போய்விடும்.

அப்படி ஒன்று வரும்வரை இருப்பதைக் காப்பாற்றுங்கள். வாங்கும்போது, அதன் பேட்டரி நாளைக்கும் கிடைக்குமா என்று பாருங்கள்: கேனானின் எல்பி-ஈ6 குடும்பம் 2008-இலிருந்து தொடர்கிறது. எக்ஸ்டி என்ற பழைய வகை மெமரி கார்டு போடும் கேமரா மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள், கார்டுக்கு அலைவீர்கள். மாதக்கணக்கில் தொடப் போவதில்லையா? பேட்டரியைப் பாதி சார்ஜில் கழற்றி வையுங்கள். தோல் பையில் பூட்டி வைக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.

"போர்டு போச்சு" என்று யார் சொன்னாலும் சரி, எந்தப் பாகம் போனது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தச் சீட்டோடு இன்னொரு மெக்கானிக்கிடமும் ஒருமுறை காட்டுங்கள், தயவுசெய்து.