யாரும் மோதவில்லை, ஆனாலும் ஜாம்

பொங்கல் லீவு முடிந்து சென்னைக்குத் திரும்பும் இரவில் ஜிஎஸ்டி ரோட்டில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இது பழகிய கதை. பரனூர் டோல்கேட்டைத் தாண்டியாகிவிட்டது, இனி பிரச்சினை இல்லை என்று நிமிரும்போது முன்னால் சிவப்பு விளக்குகள் எரிகின்றன. வண்டிகள் நிற்கின்றன, நகர்கின்றன, மறுபடி நிற்கின்றன. பத்து நிமிடம் இப்படி ஊர்ந்த பிறகு சட்டென்று ரோடு திறந்துகொள்கிறது. நொறுங்கிய கண்ணாடி இல்லை, பழுதாகி நிற்கும் லாரி இல்லை, போலீஸ் தடுப்பும் இல்லை. அப்புறம் எதற்காக நின்றோம்?

பல சமயம் விடை அற்பமானது. முன்னால் போன யாரோ ஒருவர் தேவைக்குக் கொஞ்சம் அதிகமாக பிரேக் மிதித்திருப்பார். அந்த ஆள் இந்நேரம் தாம்பரம் போய்ச் சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

இதைச் சோதித்தே காட்டியிருக்கிறார்கள். ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூகி சுகியாமாவின் குழு, 230 மீட்டர் சுற்றளவுள்ள ஒரு வட்டப் பாதையில் 22 கார்களை ஓடவிட்டது. ஓட்டுநர்களுக்குச் சொன்னது இவ்வளவுதான்: மணிக்கு சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தில் போங்கள், முன்னால் போகும் காரில் மோதாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிக்னல் கிடையாது, குறுக்கே பாயும் ஆடு மாடு கிடையாது, ரோடு எங்கும் குறுகவும் இல்லை. முதலில் எல்லாம் சீராக ஓடின. கொஞ்ச நேரத்தில் வட்டத்தின் ஒரு பகுதியில் கார்கள் நெருங்கின. பிறகு அங்கே சில கார்கள் முழுமையாக நின்றேவிட்டன. அந்த நெரிசல் ஓரிடத்தில் நிற்காமல், கார்கள் போகும் திசைக்கு எதிராக, மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கி நகர்ந்தது. 2008-இல் இதன் முடிவுகளை வெளியிட்டார்கள். அந்தச் சோதனையின் வீடியோ இணையத்தில் கிடைக்கிறது, ஒருமுறை பார்த்துவிட்டால் ரோட்டைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

காரணம் நம் உடம்பில் இருக்கிறது. முன்னால் போகும் வண்டி வேகம் குறைப்பதைக் கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கால் பிரேக்குக்குப் போக ஏறத்தாழ ஒரு வினாடி ஆகும். அந்த ஒரு வினாடியில் இடைவெளி சுருங்கிவிடுகிறது. எனவே நான் முன்னால் போனவரைவிடக் கொஞ்சம் கூடுதலாக வேகத்தைக் குறைக்க வேண்டும். எனக்குப் பின்னால் வருபவர் என்னைவிடக் கூடுதலாக. முதல் ஆள் 30-லிருந்து 27-க்கு இறங்கினால், பதினைந்தாவது ஆள் பூஜ்ஜியத்துக்கு வந்துவிடலாம். யாரும் தப்பாக ஓட்டவில்லை. எல்லோரும் தாமதமாக, அதனால் கொஞ்சம் அதிகமாக எதிர்வினை காட்டினார்கள், அவ்வளவுதான்.

ஜப்பான் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். 230 மீட்டரில் 22 கார்கள் என்றால் ஒரு காருக்குப் பத்தரை மீட்டர்கூட இல்லை. காரின் நீளம் நாலு மீட்டரைக் கழித்தால் மிஞ்சும் இடைவெளி சுமார் ஆறரை மீட்டர். 30 கிலோமீட்டர் வேகத்தில் அது சுமார் முக்கால் வினாடிதான். மனிதனின் எதிர்வினை நேரமே அதைவிட அதிகம்! இவ்வளவு நெருக்கமாக ஓட்டினால் சிறு தடுமாற்றத்தையும் யாராலும் உள்வாங்க முடியாது, அப்படியே பெருக்கிப் பின்னால் தள்ளத்தான் முடியும்.

சரி, இந்த நெரிசல் அலைபோல ஏன் பின்னோக்கிப் போகிறது? நெரிசலின் முன் முனையில் நிற்கும் வண்டி கிளம்பிய பிறகுதான் அடுத்தது கிளம்ப முடியும். அதற்குத் தோராயமாக ஒன்றேகால் வினாடி ஆகிறது. நின்றுகொண்டிருக்கும்போது ஒரு கார் பிடிக்கும் நீளம், முன்னால் விட்ட சின்ன இடத்தையும் சேர்த்து, ஏழு மீட்டர். ஆக ஒன்றேகால் வினாடிக்கு ஏழு மீட்டர் வீதம் நெரிசலின் தலை பின்னால் போகிறது. மணிக்கு 20 கிலோமீட்டர் என்ற எண் அங்கிருந்துதான் வருகிறது. உலகின் பல நாட்டு நெடுஞ்சாலைகளில் அளந்தபோதும் 15 முதல் 20 வரைதான் கிடைத்திருக்கிறது. ரோடும் ஊரும் மாறினாலும் மனிதனின் தாமதம் மாறுவதில்லையே. இதன்படி, வழிநெடுக வண்டிகள் நெருக்கமாக வந்துகொண்டிருந்தால், வண்டலூரில் விழுந்த ஒரு பிரேக் ஒரு மணி நேரத்துக்குள் மறைமலைநகர் பக்கம் வந்துகொண்டிருப்பவரை நிறுத்திவிடும்.

இந்த அலையைக் கொல்ல ஒரே ஒரு பொருள்தான் தேவை: காலி இடம். முன்னால் இரண்டு வினாடி தூரம் விட்டு ஓட்டுபவர், முன்வண்டி வேகம் குறைத்ததும் பிரேக்கைத் தொட வேண்டியதில்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும். இடைவெளி கொஞ்சம் சுருங்கும், முன்வண்டி மறுபடி வேகமெடுத்ததும் விரியும். அந்த இடம் ஒரு ஷாக் அப்சார்பர் மாதிரி அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. அவருக்குப் பின்னால் வருபவருக்கு பிரேக் விளக்கே எரியவில்லை, எனவே அவரும் மிதிக்கவில்லை. அலை அங்கேயே செத்தது.

இதையும் சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டூசான் நகரில், பல பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் சேர்ந்து அதே வட்டப் பாதைச் சோதனையைச் செய்தார்கள். இந்த முறை 20-க்கும் மேற்பட்ட கார்களில் ஒன்றை மட்டும் கம்ப்யூட்டர் ஓட்டியது. அது செய்த தந்திரம், மொத்தக் கூட்டத்தின் சராசரி வேகத்தைப் பிடித்துக்கொண்டு, முன்னால் இடம் திறந்தாலும் பாயாமல் அதே வேகத்தில் போனது. அந்த ஒற்றைக் கார், நின்று நின்று போகும் அலையைக் கரைத்துவிட்டது. மொத்தக் கூட்டத்தின் எரிபொருள் செலவு 40 சதவீதம் வரை குறைந்தது. இன்னொரு சுற்றில் கம்ப்யூட்டர் இல்லாமல், இந்த வேகத்தைப் பிடித்துக்கொள் என்று சொல்லிவைத்த ஓட்டுநர் ஒருவரை வைத்தும் முயன்றார்கள். அதுவும் வேலை செய்தது. இருபதில் ஒருவர் நிதானமாக ஓட்டினால் மீதிப் பத்தொன்பது பேருக்கும் ரோடு சீராகிறது என்பதுதான் இதில் எனக்கு ஆச்சரியம்.

நம் ஊர் லாரி டிரைவர்களுக்கு இதைப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நெரிசலில் லோடு லாரியைக் கவனித்துப் பாருங்கள். முன்னால் நாலு கார் இடம் இருக்கும், ஆனாலும் இரண்டாம் கியரில் மெல்ல உருட்டிக்கொண்டே வருவார். இருபது டன் எடையை நிறுத்தி, மறுபடி கிளப்ப எவ்வளவு டீசல், எவ்வளவு கிளட்ச் ஆகும் என்பது அவருக்குத் தெரியும். நாம்தான் பின்னால் நின்று ஹாரன் அடிக்கிறோம்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். “நான் இடம் விட்டால் நாலு பேர் உள்ளே புகுந்துவிடுவான் சார்!” உண்மைதான். வட்டப் பாதைச் சோதனைகளில் எல்லாம் கார் மட்டும்தான், ஒரே வரிசைதான். நம் ரோட்டில் டூவீலர், ஆட்டோ, பஸ் எல்லாம் லேன் பார்க்காமல் கலந்து ஓடுகின்றன, காலி இடம் எதுவும் காலியாக இருப்பதில்லை. ஆனால் நஷ்டம் எவ்வளவு என்று கணக்குப் பார்க்கலாம். ஒரு கார் முன்னால் புகுந்தால், மறுபடி பழைய இடைவெளிக்கு வர நாம் இழப்பது சுமார் இரண்டு வினாடி. பத்துக் கார் புகுந்தால் இருபது வினாடி. புகுந்த கார் ஒன்றுக்கு இரண்டு வினாடி, அதற்குமேல் அந்த நஷ்டம் வளர்வதில்லை. ஒரே ஒரு சிவப்பு சிக்னல் இதைவிட அதிகம் தின்றுவிடும். புகுந்தது டூவீலர் என்றால் நஷ்டம் இன்னும் குறைவு. இந்திய சாலைப் பேராயம் நகரச் சாலைகளுக்கு 1990-இல் வெளியிட்ட கணக்கில் ஒரு டூவீலருக்கு அரை முதல் முக்கால் கார் மதிப்புதான். நமக்குக் கோபம் வருவது நேரம் போனதால் அல்ல, ‘அவன் ஜெயித்துவிட்டான்’ என்பதால்.

பக்கத்து வரிசை எப்போதும் வேகமாகப் போவதுபோலத் தோன்றுவதற்கும் ஒரு கணக்கு உண்டு. கனடாவின் டொராண்டோவைச் சேர்ந்த மருத்துவர் டொனால்ட் ரெடெல்மையரும் புள்ளியியல் அறிஞர் ராபர்ட் டிப்ஷிரானியும் 1999-இல் ‘நேச்சர்’ இதழில் இதை விளக்கினார்கள். நாம் முந்தும்போது பக்கத்து வண்டிகள் நெருக்கமாக நிற்கின்றன, எனவே பத்து வண்டியைச் சில வினாடிகளில் தாண்டிவிடுகிறோம். அவர்கள் நம்மை முந்தும்போது தள்ளித் தள்ளி வருகிறார்கள், எனவே அதே பத்து வண்டி நம்மைத் தாண்ட நிறைய நேரம் ஆகிறது. இரண்டு வரிசைக்கும் சராசரி வேகம் ஒன்றேயானாலும், முந்தப்படும் நேரம்தான் அதிகம். போதாததற்கு நாம் முந்தியவர்கள் பின்னால் போய் மறைந்துவிடுகிறார்கள், நம்மை முந்தியவர்கள் கண்முன்னே நிற்கிறார்கள். ஓட்டுநர் பயிற்சியில் இருந்தவர்களுக்கு ஒரு வீடியோவைக் காட்டியபோது, பக்கத்து வரிசை உண்மையில் மெதுவாகப் போயும், அதுதான் வேகம் என்று பெரும்பாலானோர் சொன்னார்கள். இந்த மாயையை நம்பி வரிசை மாறும் ஒவ்வொருவரும், அந்த வரிசையில் ஒருவரை பிரேக் போட வைக்கிறார். அங்கே ஒரு புதிய அலை பிறக்கிறது.

இடைவெளி எல்லாவற்றுக்கும் மருந்து என்று சொல்ல வரவில்லை. மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்து மூன்று வரிசை ஒன்றாகக் குறுகும் இடத்தில், அந்த ஒரு வரிசை எவ்வளவு வண்டியைக் கடத்துமோ அவ்வளவுதான். அங்கே செய்யக்கூடியது இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாறி மாறி விடுவது மட்டுமே. ஜெர்மனியில் இது சட்டத்திலேயே இருக்கிறது.

கடைசியாக சிக்னல். பச்சை விழுந்த அடுத்த நொடி பின்னாலிருந்து ஹாரன் கிளம்புகிறதே, அதன் பலன் என்ன? நெரிசல் கலையும் அதே அலைதான் இங்கும் வேலை செய்கிறது. கோட்டிலிருந்து 100 மீட்டர் பின்னால் நிற்பவருக்கு, ஒவ்வொரு வண்டியாகக் கிளம்பி வழி வந்து சேர சுமார் 18 வினாடி ஆகும். ஹாரன் சத்தம் அந்த 100 மீட்டரை மூன்றில் ஒரு பங்கு வினாடிக்குள் கடந்துவிடும். காதுக்குச் சீக்கிரம் போகிறது, சக்கரத்துக்குப் போவதில்லை. முன்வண்டியை முட்டிக்கொண்டு நிற்பதிலும் பெரிய லாபம் இல்லை. 2017-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் ஆய்வாளர்கள் பத்துக் கார்களை வரிசையில் நிறுத்தி, ட்ரோனில் படமெடுத்துப் பார்த்தார்கள். கார்களுக்கு இடையே ஏழரை மீட்டர்வரை இடம் விட்டு நின்றபோதும், எல்லாக் கார்களும் சிக்னலைக் கடக்க ஆன நேரம் கிட்டத்தட்ட மாறவே இல்லை. நெருங்கி நின்றவர்கள், முன்வண்டி நகர்ந்து பாதுகாப்பான தூரம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தள்ளி நின்றவர்கள் உடனே கிளம்பினார்கள். நம் ஊரில் அவ்வளவு இடம் விட்டு நின்றால் வரிசை முந்தைய சந்திப்புவரை நீண்டுவிடும், அது வேறு சிக்கல்.

ஹாரனுக்கு மும்பை போலீஸ் வேறு வழி கண்டுபிடித்தது. 2019-20 வாக்கில், சில சந்திப்புகளில் சோதனையாக சிக்னலோடு சத்தம் அளக்கும் கருவியை இணைத்தார்கள். சத்தம் 85 டெசிபலைத் தாண்டினால் சிவப்பு விளக்கின் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து ஓடும். அறிவிப்புப் பலகையில் எழுதியிருந்தது: அதிகம் ஹாரன் அடித்தால் அதிகம் காத்திருங்கள்.