இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் பெட்ரோல் மிச்சமாகாது

போன சனிக்கிழமை காலை என் பட்டறைக்கு ஒரு கார் வந்தது. முன்சக்கரத்தைக் கழற்றியதும் டிஸ்க் மயில்கழுத்து நிறத்தில், நீலமும் ஊதாவுமாக மின்னியது. பிரேக் பேடை நகத்தால் கீறினால் கொஞ்சமாவது துகள் உதிர வேண்டும். இது கண்ணாடி போல வழுக்கியது. மூன்று மாதத்துக்கு முன்னால் இதே கையால் மாட்டிய புது பேட் அது.

வண்டிக்காரர் குன்னூரில் குடியிருக்கிறார், மேட்டுப்பாளையத்தில் வேலை. வாரத்துக்கு ஐந்து நாள் காலையில் இறக்கம், மாலையில் ஏற்றம்.

"சார், நியூட்ரல்ல இறங்குறீங்களா?" என்றேன்.

"ஆமாங்க. ரோடு காலியா இருந்தா வழியில இருக்கிற பர்லியார் வரைக்கும் இன்ஜினை ஆஃப் பண்ணிட்டுக்கூட வந்துருவேன். பெட்ரோல் விக்கிற விலைக்கு வேற என்னங்க பண்றது?"

இந்த மாதத்தில் இதே பதிலை எனக்குச் சொன்ன மூன்றாவது ஆள் இவர். முதல் இருவரிடமும் நேரில் பேசி முடித்துவிட்டேன். இனி எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

விலையைப் பற்றிய அவருடைய கோபத்தை நான் குறை சொல்லவில்லை. 2021 ஜூலையில் சென்னையிலேயே லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டியது. மலைமேல் லாரி ஏறிவரும் செலவும் சேர்ந்து அதைவிடக் கூடுதல். தினமும் மலை ஏறி இறங்கிப் பிழைப்பவருக்கு ஒவ்வொரு லிட்டரும் வலிக்கும். ஆனால் மிச்சம் என்று நினைத்து அவர் செய்த காரியத்தில் ஒரு சொட்டுகூட மிச்சமாகவில்லை. அதைத்தான் எப்படிப் புரியவைப்பது என்று தெரியாமல் தவிக்கிறேன்.

நியூட்ரலில் உருட்டினால் பெட்ரோல் மிச்சம் என்பது, பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பிய கார்புரேட்டர் காலத்துப் பேச்சு. அம்பாசிடர், பத்மினி, பழைய மாருதி 800 ஓட்டிய அப்பாக்களும் சித்தப்பாக்களும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது. கியரில் இறங்கினாலும் கார்புரேட்டர் பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டேதான் இருக்கும். அதனால் அன்றைக்கு அந்தக் கணக்கில் கொஞ்சம் நியாயம் இருந்தது, ஆபத்து அன்றைக்கும் இருந்தது என்றாலும்.

இன்று உங்கள் வீட்டு வாசலில் நிற்பது ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டி. கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை முழுக்க எடுத்துப் பாருங்கள். 'சக்கரமே இன்ஜினைச் சுற்றுகிறது, எனக்கு வேலையில்லை' என்று ஈசியூ, அதாவது இன்ஜினின் கம்ப்யூட்டர், புரிந்துகொண்டு பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரை மூடிவிடும். பெட்ரோல் போவதே இல்லை. குறைவாகக்கூடப் போவதில்லை, அடியோடு நின்றுவிடுகிறது. நியூட்ரலுக்குத் தள்ளினால் இன்ஜினைச் சுற்ற ஆள் கிடையாது. அது அணையாமல் இருக்க ஈசியூ மறுபடி பெட்ரோல் விட்டாக வேண்டும். சிறிய பெட்ரோல் கார் சும்மா ஐடிலில் நின்றாலே மணிக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கும். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்க ஏறத்தாழ ஒரு மணி நேரம். அவர் தினமும் எதை மிச்சம் பிடித்தார், எதைச் செலவழித்தார் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

சொன்னால் நம்பவில்லை. பேட் மாற்றி முடித்த பிறகு, ஈசியூவில் ஓடும் எண்களைக் காட்டும் ஸ்கேனரை மாட்டி அவரையே ஓட்டச் சொன்னேன், பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். மலையடிவாரத்துக் கல்லாறு தாண்டிக் கொஞ்ச தூரம் ஏறித் திரும்பினோம். இறக்கத்தில் மூன்றாம் கியர், ஆக்ஸிலேட்டரில் கால் இல்லை: திரையில் இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம் 0.00. "இப்போ ஒரு நொடி நியூட்ரல் போடுங்க சார்" என்றேன். எண் இரண்டு மில்லி செகண்டுக்குப் பக்கத்தில் போய் நின்றது. கியரில் போட்டார், மறுபடி பூஜ்யம். வண்டியை ஓரங்கட்டிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். உங்கள் காரில் நொடிக்கு நொடி மைலேஜ் காட்டும் வசதி இருந்தால் ஸ்கேனரே வேண்டாம். கியரில் இறங்கும்போது பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள், எண் உச்சத்துக்குப் போய் நிற்கும்.

ஒரு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும். ஆர்பிஎம் ஐடிலுக்குப் பக்கத்தில் விழுந்தால் இன்ஜெக்டர் மறுபடி திறந்துகொள்ளும். 1,500க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

"இன்ஜின் கத்துதே, தேஞ்சு போயிராதுங்களா?" அடுத்து எல்லோரும் கேட்பது இதுதான். தேயாது. 3,000, 3,500 எல்லாம் அந்த இன்ஜின் சாதாரணமாகச் சுற்றும் வேகம்தான். சத்தத்துக்குப் பயந்து இன்ஜினைக் காப்பாற்றி, பிரேக்கைப் பொசுக்கி வைத்திருக்கிறீர்கள்.

குன்னூருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் உயர வித்தியாசம் ஏறத்தாழ 1,500 மீட்டர். ஆட்களோடு ஒரு டன் எடை வரும் கார் அந்த உயரத்திலிருந்து இறங்கும்போது கழிய வேண்டிய சக்தி, அரை லிட்டர் பெட்ரோல் எரிந்தால் வரும் சூட்டுக்குக் கொஞ்சம்தான் குறைவு. கியரில் வந்தால் அதில் பெரும்பகுதியை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் வந்தால் காற்றும் டயரும் இழுத்தது போக மீதி முழுவதும் நான்கு சக்கரத்து பிரேக்கில்தான் இறங்கும். டிஸ்க் நீலம் பாய்வது அதனால்தான். சூடு அதோடு நிற்காது, பிரேக் ஆயிலுக்கும் ஏறும். டாட் 3 என்ற தரத்துப் புது பிரேக் ஆயில் 205 டிகிரியில் கொதிக்கும். ஈரம் இழுத்துப் பழையதாகிவிட்டால் 140 டிகிரியே போதும். கொதித்தால் பைப்பில் குமிழி. மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி தரைவரை போகும், வண்டி நிற்காது. (பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொன்னால் 'மெக்கானிக் பில்லைக் கூட்டுகிறான்' என்று நினைப்பவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படியுங்கள்.)

ஆஃப் செய்துவிட்டு உருட்டுவது இதையெல்லாம் விட மோசம். இரண்டு மூன்று மிதியில், பிரேக் மிதியை லேசாக்கும் பூஸ்டரில் இருக்கும் வேக்குவம் தீர்ந்து, பெடல் கருங்கல்லாகிவிடும். பவர் ஸ்டீயரிங் கிடையாது. சாவியை இன்னும் ஒரு திருகு திருகி உருவினால் ஸ்டீயரிங்கே பூட்டிக்கொள்ளும். எதிரே பேருந்து வரும் கொண்டை ஊசி வளைவில் இது நடந்தால் என்ன ஆகும் என்று நான் எழுதிக்காட்ட வேண்டுமா? தயவுசெய்து செய்யாதீர்கள். பிள்ளைகளைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு செய்யவே செய்யாதீர்கள்.

ஏறுகிற கியரில்தான் இறங்க வேண்டும். மலை ஓட்டுநர்கள் காலங்காலமாகச் சொல்வது இது, இன்றைக்கும் அப்படியேதான் பொருந்தும். ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்கள் 'டி'யிலேயே விடாமல் மேனுவலுக்கோ 'எல்'லுக்கோ மாற்றுங்கள். பிரேக்கை அழுத்தி வேகத்தைக் குறைத்ததும் விட்டுவிடுங்கள். வழிநெடுக அதன்மேல் காலை வைத்துக்கொண்டே வராதீர்கள். ஸ்கூட்டர்காரர்களுக்கு: நின்ற இடத்திலிருந்து ஆஃப் செய்து உருட்டினால் கிளட்ச் பிடிக்காது, அதனால் இன்ஜின் வண்டியை இழுத்துப் பிடிக்காது. வண்டியின் முழு எடையையும் பிரேக் ஒன்றுதான் தாங்க வேண்டும்.

சரி, மிச்சம் எங்கே இருக்கிறது என்றால், முதலில் டயரில். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் காற்று அளவு எழுதிய ஸ்டிக்கர் இருக்கும், காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது அந்த அளவுக்குப் பிடியுங்கள். அடைத்த ஏர் ஃபில்டரை மாற்றுங்கள். ஒரு வருடமாகக் காலியாக நிற்கும் கூரை கேரியரைக் கழற்றுங்கள். சமதள ரோட்டில் பிரேக் அதிகம் போடாமல் பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, நான்கு வீலுக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட வேண்டாம். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அங்கே பேடை அழுத்தும் காலிப்பர் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது, அந்தச் சக்கரம் நாள் முழுவதும் உங்கள் பெட்ரோலைத் தின்கிறது. மைலேஜ் குறைந்தது என்று வரும் வண்டிகளில் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். பெட்ரோல் பைப்பில் மாட்டும் காந்தம், டாங்கில் போடும் மாத்திரை இவற்றுக்குக் காசு கொடுக்காதீர்கள். பங்க்கில் இப்போது வருவது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் லிட்டருக்கு மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு என்பதால் மைலேஜ் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், அதற்காக வண்டியைக் குடைய வேண்டாம். ஒரே ஆபீஸுக்கு மூன்று வீட்டிலிருந்து மூன்று கார் இறங்குகிறதே, அதை ஒன்றாக்குங்கள். நான் சொன்ன மற்ற எல்லாவற்றையும் சேர்த்தாலும் இதற்கு ஈடாகாது.

சனிக்கிழமை வந்தவருக்கு டிஸ்க், பேட், பின் பிரேக் ஷூ, பிரேக் ஆயில் எல்லாம் சேர்த்து பில் எட்டாயிரத்தைத் தாண்டியது. பணத்தை எண்ணிக் கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

இறங்கும்போது கரிந்த வாடை வந்தால் ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். அகலமான, சமமான இடம் பார்த்து உடனே ஒதுக்குங்கள். கொதிக்கும் டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றக் கூடாது, கோணிக்கொள்ளும். ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடிக்காமல் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னால் கல் வையுங்கள். அரை மணி நேரம் ஆறட்டும். பெடல் பழையபடி கெட்டியாக இருந்தால் முதல் கியரில் மெதுவாக இறங்குங்கள். பஞ்சு மாதிரி இருந்தால் வண்டியை எடுக்கவே வேண்டாம், மெக்கானிக்கை அங்கேயே கூப்பிடுங்கள்.