நாட்டுக்கோழிப் பண்ணை மானியம்: மீதிப் பாதிப் பணம் யார் கொடுப்பது?

கிராமத்தில் 250 நாட்டுக்கோழி வளர்க்கச் சிறு பண்ணை வைப்பவர்களுக்குத் தமிழ்நாடு கால்நடை பராமரிப்புத் துறை 50 சதவீத மானியம் தருகிறது. கொட்டகை, தீவனத் தட்டு, தண்ணீர்த் தட்டு, நான்கு மாதத் தீவனம் எல்லாம் சேர்ந்த செலவில் பாதி. அந்தப் பாதி ஒன்றரை லட்சத்தைச் சற்றுத் தாண்டும். நான்கு வார வயதுள்ள 250 குஞ்சுகள் இலவசம். அறிவிப்பில் இவ்வளவுதான் பெரிய எழுத்தில் இருக்கும்.

பிராய்லர் கொட்டகை போட்டு கம்பெனிக்கு வளர்த்துக் கொடுப்பவர்களுக்கு இது பொருந்தாது. ஏற்கெனவே அரசின் கோழிப்பண்ணைத் திட்டத்தில் பயன் பெற்றவர்களுக்கும் கிடையாது. மாவட்டத்துக்குச் சில அலகுகள்தான் (250 கோழிப் பண்ணை ஒன்று ஓர் அலகு) ஒதுக்குவார்கள், விண்ணப்பமோ குவியும். ஆகவே தள்ளுபடி செய்ய ஒரு சின்னக் காரணம் போதும்.

அந்தக் காரணம் பெரும்பாலும் நிலத்தில்தான் கிடைக்கும். கொட்டகை போட 625 சதுர அடி நிலம் கேட்கிறார்கள், அதாவது 25க்கு 25 அடி. குடியிருப்பை விட்டுத் தள்ளி இருக்க வேண்டும். இடம் பலரிடம் இருக்கிறது, பத்திரம்தான் அவர்கள் பெயரில் இல்லை. பட்டா இறந்துபோன அப்பா பெயரில் கிடக்கும். அல்லது அண்ணன் தம்பி நான்கு பேர் சேர்ந்த கூட்டுப் பட்டாவாக இருக்கும். பல வருடமாக அனுபவித்து வரும் புறம்போக்கை எழுதிக் கொடுத்தால் அந்த மனு அங்கேயே முடிந்தது. அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். சிட்டாவை இன்றே இணையத்தில் எடுத்துப் பாருங்கள். அதில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஓர் எழுத்து மாறினாலும் இப்போதே சரிசெய்யுங்கள். கூட்டுப் பட்டாவாக இருந்தால் உட்பிரிவு செய்து தனிப் பட்டாவுக்கு மனுப் போடுங்கள். விண்ணப்பிக்கக் கொடுக்கும் ஓரிரு வாரத்தில் அது நடக்கிற காரியம் இல்லை.

அடுத்தது பணம். பாதி மானியம் என்றால் பாதிப் பணம் முதலில் கைக்கு வரும் என்று நினைத்துக் கடன் வாங்கி மாட்டிக்கொள்கிறவர்கள் அதிகம். துறை ஒரு அலகுக்கு இவ்வளவு செலவு என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. மானியம் அந்தக் கணக்கில் பாதி, உங்கள் பில்லில் பாதி அல்ல. தகரத்துக்குப் பதில் கான்கிரீட் போட்டால் கூடுதல் செலவு முழுக்க உங்கள் தலையில். மீதிப் பாதியை நீங்கள் போடுவீர்கள் என்பதற்கு வங்கிக் கணக்கு விவரமோ கடன் ஒப்புதலோ விண்ணப்பத்தோடு காட்ட வேண்டும்.

விதவைகள், ஆதரவற்றோர், மாற்றுத்திறனாளிகள், திருநங்கைகளுக்கு முன்னுரிமை என்று எழுதியிருக்கும். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 30 சதவீதம் ஒதுக்கீடு. நல்லதுதான். ஆனால் வங்கியில் ஒன்றரை லட்சம் வைத்திருக்கும் ஆதரவற்ற பெண்ணை எங்கே போய்த் தேடுவது என்பதை யாரும் சொல்வதில்லை. கணவரின் இறப்புச் சான்று மட்டும் போதும் என்று நினைக்க வேண்டாம். ஆதரவற்ற விதவைச் சான்று தனி. அதைக் கோட்டாட்சியர் அலுவலகம் கொடுக்க வேண்டும், நாளாகும்.

வங்கிக்குப் போனால் "தேர்வாணை கொண்டுவாங்க, கடன் பார்க்கலாம்" என்பார்கள். துறையில் கேட்டால் "கடன் கடிதம் கொண்டுவாங்க, தேர்வு பார்க்கலாம்" என்பார்கள். நடுவில் நிற்பது நீங்கள். மானியத்துக்குத் தேர்வானால் கடன் தரத் தயார் என்று ஒரு வரிக் கடிதம் மேலாளரிடம் கேளுங்கள். வாய்வார்த்தையாகக் கேட்காமல் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். முடியாது என்றால் அதையும் எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

தீவனச் செலவுக்கு கிசான் கிரெடிட் கார்டு, அதாவது வங்கி தரும் விவசாயிகள் கடன் அட்டை, தனியாக உண்டு. கால்நடை, கோழி வளர்ப்புக்கும் அது 2019 முதல் நடைமுறையில் இருக்கிறது. வட்டி 7 சதவீதம். கெடுவுக்குள் கட்டினால் 3 சதவீதம் குறைந்து 4தான். "பயிர் வைக்கிறவங்களுக்கு மட்டும்தான்" என்று திருப்பி அனுப்பினால் நம்பாதீர்கள். கோழிக்குச் சொந்த நிலம்கூட வேண்டியதில்லை, வாடகைக் கொட்டகையே போதும். ஆனால் இது நடைமுறைச் செலவுக்கான கடன். இதை வைத்துக் கொட்டகை கட்டிவிடலாம் என்று கணக்குப் போட வேண்டாம்.

விண்ணப்பத்தை உங்கள் ஊருக்குரிய கால்நடை மருந்தகத்தில் கொடுக்க வேண்டும். காலையிலேயே போய்விடுங்கள், பிறகு டாக்டர் முகாமுக்குக் கிளம்பிவிடுவார். "வச்சுட்டுப் போங்க" என்பார்கள். வைத்துவிட்டுப் போகாதீர்கள். நகலில் தேதியோடு முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள். கொடுக்க மறுத்தால் கால்நடை பராமரிப்புத் துறையின் மண்டல இணை இயக்குநருக்கு டெலிவரிச் சான்றுடன் ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். முத்திரை வாங்காதவருக்கு ஆறு மாதம் கழித்துக் கிடைக்கும் பதில், "உங்க மனு வரவே இல்லையே." பட்டியலில் பெயர் இல்லையென்றால் 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். தேர்வானவர் பட்டியல், தேர்வுக் குழுக் கூட்டக் குறிப்பு, உங்கள் மனு தள்ளுபடியான காரணம், இந்த மூன்றை மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

தேர்வாணை கைக்கு வரும்வரை ஒரு செங்கல்கூட வைக்காதீர்கள். "உங்க பேரு உறுதி" என்று யார் சொன்னாலும் சரி, முக்கியமாக அதற்குக் காசு கேட்டால்.

ஆணை வந்த பிறகு தாமதிக்கவும் கூடாது. குஞ்சு வரும் நாளில் கொட்டகை காய்ந்து தயாராக இருக்க வேண்டும். நீளவாக்கு கிழக்கு மேற்கு, ஒன்றரை அடிச் சுவர், அதற்கு மேல் கீரி நுழையாத அரை அங்குல வலை, தரையில் மூன்று அங்குலம் நெல் உமி. கோழிக்கு 2 சதுர அடி வீதம் 500 சதுர அடி உள்ளிடம் போதும். நான்கு வாரக் குஞ்சுக்குப் பெரும்பாலும் புரூடர் (குஞ்சுக்குச் சூடு தரும் அமைப்பு) தேவைப்படாது. ஆனால் புது இடத்தில் முதல் சில இரவு மிரண்டு மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அடியில் இருப்பவை மூச்சுமுட்டிச் சாகும். தகரமோ அட்டையோ வளைத்து மூலைகளை மறையுங்கள், இரவில் ஒரு பல்பு எரியட்டும். இரத்தக்கழிச்சல் தாக்குகிற வயதும் இதுதான். தண்ணீர்த் தட்டைச் சுற்றி உமி நனைந்தால் அன்றே அள்ளிவிட்டுப் புதிது போடுங்கள்.

பெட்டியை இறக்கும்போதே குஞ்சுகளை எண்ணுங்கள். குறைவையும் இறப்பையும் ரசீதில் எழுதிய பிறகே கையெழுத்திடுங்கள். என்னென்ன தடுப்பூசி போட்டிருக்கிறது என்று எழுதி வாங்குங்கள். வெள்ளைக்கழிச்சலுக்கு எட்டாவது வாரம் ஊசி போட வேண்டும். மருந்தகத்தில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், மறந்தால் ஒரே வாரத்தில் கொட்டகை காலியாகும்.

கடைசியாக உறுதிமொழிப் பத்திரம். பண்ணையை மூன்று ஆண்டு நடத்துவேன் என்று கையெழுத்து வாங்குகிறார்கள். இலவசக் குஞ்சு ஒரே ஒரு தடவைதான். தீபாவளிக்கு நல்ல விலை என்று 250யும் கறிக்கு விற்றுவிட்டால் அடுத்த ஆய்வுக்கு வருகிறவர் வெறும் கொட்டகையைத்தான் பார்ப்பார். விற்கும்போதே முப்பது பெட்டை, நான்கு சேவலை நிறுத்திக்கொள்ளுங்கள்; அடுத்த ஈட்டுக் குஞ்சுக்கு முட்டை அதிலிருந்து வரும்.