கொழுப்பு மாத்திரை அழற்சியையும் தணிக்குமா?

சென்னையில் மாஸ்டர் ஹெல்த் செக்கப் செய்துகொள்கிறவர்களின் ரிப்போர்ட்டில், லிப்பிட் ப்ரொஃபைலுக்குக் கீழே ‘ஹெச்எஸ்-சிஆர்பி’ என்று, உடலின் அழற்சியைக் காட்டும் ஒரு வரியும் சில நேரம் இருக்கும். கெட்ட கொழுப்பு, அதாவது எல்டிஎல் என்றால் இன்று எல்லோருக்கும் தெரியும். இந்த வரியை மட்டும் யாரும் படிப்பதில்லை. மாரடைப்பின் பாதிக் கதை அதில்தான் இருக்கிறது.

எல்டிஎல் துகள்கள் தமனியின் உட்சுவருக்குள் புகுந்து தங்கி ஆக்சிஜனேற்றம் அடையும்போது, உடல் அவற்றைக் கண்டு மிரள்கிறது. ரத்தத்திலுள்ள மோனோசைட் வெள்ளணுக்கள் உள்ளே நுழைந்து, மேக்ரோபேஜ்களாக மாறி, கொழுப்பை விழுங்கி விழுங்கி நுரை செல்களாகப் பருக்கின்றன. சேர்ந்த கொலஸ்ட்ரால் படிகமாகிறது. அந்தப் படிகங்கள் செல்லுக்குள் இருக்கும் என்எல்ஆர்பி3 என்ற புரதக் கூட்டைத் தட்டி எழுப்ப, இன்டர்லூகின்-1 பீட்டா என்ற அழற்சித் தூதுப் புரதம் வெளியேறுகிறது. அது இன்டர்லூகின்-6 ஐத் தூண்டுகிறது; அது கல்லீரலைத் தூண்டுகிறது; கல்லீரல் சி-ரியாக்டிவ் புரோட்டீனை, சுருக்கமாகச் சிஆர்பியை, ரத்தத்தில் விடுகிறது. ஆக, லேபில் அளக்கும் எண் தமனிக்குள் நடப்பதற்கு மூன்று படி தள்ளி நிற்பது. இதற்கிடையே அதே மேக்ரோபேஜ்கள் சுரக்கும் நொதிகள் கொழுப்புப் படிவின் மேல்மூடியை அரிக்கின்றன. மூடி கிழிந்தால் ரத்தம் அங்கே உறைகிறது. பெரும்பாலான மாரடைப்புகள் இப்படித்தான் வருகின்றன.

இனி கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரைக்கு வருவோம். ஜப்பானில் அகிரா எண்டோ ஆயிரக்கணக்கான பூஞ்சணங்களைச் சலித்து, 1973இல் பெனிசிலியம் சிட்ரினத்தில் கண்டெடுத்த பொருள்தான் முதல் ஸ்டேட்டின். 1987இல் லோவாஸ்டேட்டின் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நம் தெருமுனை மருந்துக்கடையில் இன்று அதிகம் விற்கும் அடார்வாஸ்டேட்டினும் ரோசுவாஸ்டேட்டினும் அதே குடும்பம். கல்லீரல் கொலஸ்ட்ரால் தயாரிக்கும் பாதையில் ஹெச்எம்ஜி-கோஏ ரிடக்டேஸ் என்ற நொதியை இவை முடக்குகின்றன. கொலஸ்ட்ரால் குறைந்த கல்லீரல் தன் மேற்பரப்பில் எல்டிஎல் ஏற்பிகளைக் கூட்டி, ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை இழுத்துக்கொள்கிறது.

ஆனால் அந்தப் பாதையில் உருவாகும் சரக்கு கொலஸ்ட்ரால் மட்டும் அல்ல. நடுவில் ஐசோப்ரெனாய்டு என்ற சிறு கொழுப்பு வால்களும் அங்கே உருவாகின்றன. வெள்ளணுக்களுக்குக் கட்டளை கடத்தும் ரோ, ராக் புரதங்களுக்கு இந்த வால் ஒட்டினால்தான் செல்சவ்வில் நிலைகொள்ள முடியும். காசிமேட்டுப் படகுக்கு நங்கூரம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நொதி முடங்கினால் வாலும் குறைகிறது, அழற்சிக் கட்டளையும் தளர்கிறது. ஆய்வகச் செல்களில் இது தெளிவாகவே தெரிகிறது. மனித உடலில், நாம் விழுங்கும் அளவுகளில், இதற்கு எவ்வளவு பங்கு என்பதில்தான் சண்டை.

அந்தச் சண்டைக்குப் பெரிய தீனி போட்டது 2008இல் வெளியான ஜூபிடர் ஆய்வு. எல்டிஎல் டெசிலிட்டருக்கு 130 மில்லிகிராமுக்குக் கீழே, ஆனால் சிஆர்பி லிட்டருக்கு 2 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்த 17,802 பேருக்கு ரோசுவாஸ்டேட்டின் 20 மில்லிகிராம் அல்லது போலி மாத்திரை தரப்பட்டது. மருந்து சாப்பிட்டவர்களில் எல்டிஎல் 50 சதவீதமும் சிஆர்பி 37 சதவீதமும் குறைந்தன. மாரடைப்பு, பக்கவாதம் போன்ற இதய, ரத்தக்குழாய் நிகழ்வுகள் போலி மாத்திரைக் குழுவில் 251, மருந்துக் குழுவில் 142. பலன் தெளிவாக இருந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். எனக்கு ஒரு குறை: சிஆர்பி குறைவாக உள்ளவர்களை அவர்கள் சேர்க்கவே இல்லை. அதனால் வென்றது எல்டிஎல் குறைவா, அழற்சிக் குறைவா என்று இதை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

பிரிக்க வேறு மருந்துகள் வேண்டியிருந்தன. எல்டிஎல்லைச் சுமார் 60 சதவீதம் வெட்டும் பிசிஎஸ்கே9 ஊசிகள் சிஆர்பியை அசைப்பதே இல்லை. ஆனாலும் மாரடைப்பைக் குறைக்கின்றன. நேர்மாறாக, 2017இல் வந்த கான்டோஸ் ஆய்வில் இன்டர்லூகின்-1 பீட்டாவை மட்டும் அடைக்கும் கனகினுமாப், எல்டிஎல்லைத் தொடாமலே 150 மில்லிகிராம் அளவில் இதய நிகழ்வுகளை 15 சதவீதம் குறைத்தது. ஆனால் உயிர்கொல்லும் தொற்றுகளும் சற்று கூடின. மூட்டுவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்ஸேட் இதில் தோற்றது, கீல்வாத மாத்திரையான கால்சிசின் சில ஆய்வுகளில் வென்றது. ஆகவே கொழுப்பும் அழற்சியும் இரண்டு தனி வாசல்கள் என்பதே என் முடிவு. ஸ்டேட்டின் இரண்டையும் ஓரளவு தொடுகிறது. சிஆர்பி புரதம் தானே மாரடைப்பை வரவழைப்பதாக மரபணு ஆய்வுகள் காட்டவில்லை. அந்த எண்ணையே குறிவைத்து இறக்குவதில் பயனில்லை.

சென்னை நகர-ஊரக ஆய்வான கியூர்ஸில், சிஆர்பி கூடியவர்களிடம் உடல் கொழுப்பும் சர்க்கரை நோயும் இதய நோயும் கூடியிருந்தன. ஊரே சர்க்கரை மாத்திரை விழுங்கும் நகரத்தில் இது ஆச்சரியமல்ல. இன்னொரு சிக்கலும் உண்டு. ஐப்பசி மழையில் டெங்கு, சளிக் காய்ச்சல், பல் வீக்கம் எது வந்தாலும் சிஆர்பி எகிறும். லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினால் இதயத்தை விட்டுவிட்டு முதலில் தொற்றைத் தேடுங்கள். உடம்பு தேறியபின் இரண்டு வார இடைவெளியில் இரு முறை எடுத்துச் சராசரி பாருங்கள். ஒன்றுக்குக் கீழே என்றால் குறைவு, மூன்றுக்கு மேல் என்றால் அதிகம்.