திட்ட விலக்கம்

'ஸ்டாண்டர்ட் டீவியேஷன்' என்பதைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் திட்ட விலக்கம் என்கின்றன. இலங்கைப் பாடநூல்களில் அது நியம விலகல். இரண்டும் ஒன்றுதான்: எண்கள் தங்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறி நிற்கின்றன என்று காட்டும் அளவு.

டீவியேஷனுக்கு வேர் லத்தீன். 'வியா' என்றால் வழி, 'டீ' என்றால் அதைவிட்டு. வழியை விட்டு அகல்வது. பழகு பழக்கம் ஆவதுபோல விலகு விலக்கம் ஆகிறது, அதனால் இலக்கணப்படி பிழையில்லை. ஆனாலும் விலக்கம் என்றதும் யாரோ பிடித்துத் தள்ளியதுபோல் காதில் விழுகிறது. எண்கள் தாமாகத்தானே விலகி நிற்கின்றன? எனக்கு விலகல் என்பதே பிடிக்கும்.

'திட்டம்' என்பதில்தான் மாணவர்கள் தடுமாறுகிறார்கள். இது ஐந்தாண்டுத் திட்டத்தில் வரும் திட்டமல்ல. "திட்டமாகச் சொல்" என்கிறோமே, அந்தத் திட்டம். அளவு பிசகாதது என்று பொருள். ஸ்டாண்டர்ட் என்ற சொல்லும் பழைய பிரெஞ்சில் போர்க்களத்தில் நட்ட கொடியைக் குறித்து, பிறகு எல்லாரும் ஒப்புக்கொண்ட அளவுகோலுக்குப் பெயரானது. ஆங்கிலேயப் புள்ளியியல் அறிஞர் கார்ல் பியர்சன் 1893இல் லண்டன் விரிவுரை ஒன்றில் இந்தப் பெயரைச் சூட்டினார். சிக்மா என்ற கிரேக்க எழுத்தைக் குறியீடாக்கியதும் அவரே.

சரி, கணக்குக்கு வருவோம். 4, 6, 8, 10, 12 என்ற எண்களின் சராசரி 8. விலகல்கள் −4, −2, 0, 2, 4. அப்படியே கூட்டினால் ஒன்றையொன்று தின்று பூஜ்யமாகிவிடும். அதனால்தான் வர்க்கப்படுத்துகிறோம்: கூட்டுத்தொகை 40. ஐந்தால் வகுத்தால் 8, அதன் வர்க்கமூலம் 2.83.

இதையே டிஐ-84 கிராஃபிங் கால்குலேட்டரில் செய்யலாம். 'ஸ்டாட்' பொத்தானை அழுத்தி, 'எடிட்' போய், எல்1 பட்டியலில் எண்களைப் போடுங்கள். அப்புறம் மறுபடி 'ஸ்டாட்', 'கால்க்', '1-வார் ஸ்டாட்ஸ்'. திரையில் எஸ்எக்ஸ் 3.16 என்றும், சிக்மாஎக்ஸ் 2.83 என்றும் அடுத்தடுத்து நிற்கும். இரண்டுக்குமே பெயர் திட்ட விலக்கம்தான்!

கையில் இருப்பது முழுத் தொகுதி என்றால் சிக்மாஎக்ஸை எடுங்கள். பெரிய தொகுதியிலிருந்து அள்ளிய மாதிரி என்றால் எஸ்எக்ஸ். மாதிரியின் சராசரி அந்த மாதிரியின் நடுவிலேயே உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து அளந்தால் சிதறல் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். அதை ஈடுகட்டவே எஸ்எக்ஸ் ஐந்துக்குப் பதில் நான்கால் வகுக்கிறது.